சியெனா பேராலயம்: முதல்முறை போகிறவர்கள் எதை, எந்த வரிசையில் பார்ப்பது

புளோரன்ஸிலிருந்து ஒரு நாள் பயணமாக இத்தாலியின் சியெனா நகரத்துக்கு வருகிறவர்களில் பலர் பேராலயத்துக்கு ஒதுக்குவது முக்கால் மணி நேரம். அதில் கால் மணி நேரம் வரிசையில் போய்விடும். மிச்ச நேரத்தில் கோடு போட்ட தூண்களோடு ஒரு செல்ஃபி, கூரையைப் பார்த்து ஒரு 'அடேயப்பா', அவ்வளவுதான், வெளியே வந்துவிடுகிறார்கள். இப்படிப் பார்ப்பதற்கு ஒரு ஜெலாட்டோ வாங்கிக்கொண்டு காம்போ சதுக்கத்துத் தரையிலேயே உட்கார்ந்திருக்கலாம், டிக்கெட் காசாவது மிச்சம்.

இந்தக் கட்டடத்துக்குக் குறைந்தது அரை நாள் வேண்டும். கலை வரலாறு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: சியெனாக்காரர்கள் இதை மாதாவுக்காகக் கட்டினார்கள், கூடவே புளோரன்ஸ்காரர்கள் பார்த்து வயிறெரியட்டும் என்றும் கட்டினார்கள். 1260 செப்டம்பர் 4 அன்று மோன்டபெர்டி என்ற இடத்தில் சியெனா தன்னைவிடப் பெரிய புளோரன்ஸ் படையைத் தோற்கடித்தது. போருக்கு முன் நகரத்தின் சாவியையே பேராலயத்தில் மாதாவின் படத்துக்கு முன்னால் வைத்து ஊரை அவளிடம் ஒப்படைத்தார்கள் என்பது அந்த ஊர் மரபு. வெற்றிக்குப் பிறகு, கேட்க வேண்டுமா? அடுத்த ஒரு நூற்றாண்டுக்கு இந்தக் கோயிலில் காசைக் கொட்டினார்கள். உள்ளே நீங்கள் பார்க்கப்போகும் பாதிச் சங்கதி அந்தக் கர்வத்தில் பிறந்ததுதான்.

போவதற்கு முன்

தேதியை முடிவு செய்வதற்கு முன் தரையைப் பற்றி விசாரியுங்கள். இந்தப் பேராலயத்தின் பளிங்குத் தரை உலகப் புகழ் பெற்றது, ஆனால் வருடத்தின் பெரும்பகுதி அதில் நல்ல பாதியை மூடி வைத்திருப்பார்கள், மக்கள் நடந்து தேய்ந்துவிடக் கூடாது என்பதற்காக. கோடையில் சில வாரமும், பிறகு ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரையும் திறப்பது வழக்கம். தேதி வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும், பேராலயத்தின் இணையதளத்தில் பார்த்துவிடலாம். அந்த நாட்களில் டிக்கெட் விலை கூடும், கூட்டமும் கூடும். இருந்தாலும் என்னைக் கேட்டால், பயணத் தேதியையே தரைக்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஒரே எச்சரிக்கை, ஆகஸ்ட் 16 அன்று பாலியோ குதிரைப் பந்தயம். அந்த நாட்களில் ஊருக்குள் அறை கிடைப்பதும் கஷ்டம், கால் வைப்பதும் கஷ்டம். பந்தயத்தில் ஜெயித்த பேட்டைக்காரர்கள் பட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு நேராக இந்தப் பேராலயத்துக்குத்தான் ஓடிவந்து மாதாவுக்கு நன்றிப் பாட்டு பாடுவார்கள். அதைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் சரி, சிற்பம் பார்க்க அது நாள் இல்லை.

டிக்கெட்டைத் தனித்தனியாக எடுக்காதீர்கள். பேராலயம், நூலகம், அருங்காட்சியகம், நிலவறை, திருமுழுக்கு ஆலயம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டு, அதுதான் லாபம். ஞாயிற்றுக்கிழமையும் திருநாட்களிலும் காலையில் திருப்பலி நடக்கும், பார்வையாளர்களைப் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் விடுவார்கள்.

உடை விஷயம்: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் கோயில் பழக்கத்தில் செருப்பை எங்கே விடுவது என்று தேட வேண்டாம், இங்கே ஆண்கள் கழற்ற வேண்டியது தொப்பியை. சின்ன பைனாகுலர் ஒன்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கேலியாகத் தோன்றும், ஆனால் இங்கே நல்ல விஷயங்களில் பாதி உயரத்தில் இருக்கிறது, மீதிப் பாதி கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

புளோரன்ஸிலிருந்து ரயிலைவிடப் பேருந்து வசதி. பேருந்து பழைய நகரத்தின் ஓரத்திலேயே இறக்கிவிடும். ரயில் நிலையம் மலையடிவாரத்தில், அங்கிருந்து மின்படிகளில் ஏறி வந்து இன்னும் நடக்க வேண்டும்.

முதலில் பாதியில் நின்றுபோன சுவரைப் பாருங்கள்

எல்லோரும் நேராக முகப்புக்குப் போவார்கள். நீங்கள் முகப்பைப் பார்த்து நின்றால் உங்கள் வலது கைப் பக்கமாகத் திரும்பி, கட்டடத்தை ஒட்டியுள்ள திறந்தவெளிச் சதுக்கத்துக்குப் போங்கள். ஒரு பக்கம் உயரமான வளைவுகள், அவற்றை அடைத்துச் சுவர் எழுப்பியிருக்கும். எதிரே வானத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக நிற்கும் ஒரு மாபெரும் சுவர், அதில் பெரிய ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் கட்டடம் எதுவும் இல்லை. நீங்கள் நிற்கும் சதுக்கம்தான் கட்டி முடிக்கப்படாத புதிய பேராலயத்தின் நடுக்கூடம்.

கதை இதுதான். 1339-இல், இருக்கிற பேராலயம் போதாது என்று நகர சபை முடிவெடுத்தது. அந்த நேரம் புளோரன்ஸில் இன்னும் பெரிய ஆலயம் எழும்பிக்கொண்டிருந்தது, சியெனாக்காரர்களால் தாங்க முடியுமா? அவர்கள் போட்ட திட்டம் பைத்தியக்காரத்தனமான துணிச்சல்: பழைய பேராலயத்தை இடிக்க வேண்டாம், அதைப் புதிய ஆலயத்தின் குறுக்குக் கூடமாக வைத்துக்கொள்வோம், அதற்குச் செங்குத்தாக ஒரு புதிய நடுக்கூடத்தை இழுப்போம் என்றார்கள். அதாவது இப்போது முழு கோயிலாகத் தெரிகிற கட்டடம் சிலுவையின் கை மட்டும்தான் ஆகியிருக்கும். லாண்டோ டி பியத்ரோ என்பவரை நியமித்தார்கள், அவர் அடிப்படையில் பொற்கொல்லர். அடுத்த வருடமே இறந்துவிட்டார். வேலை தொடர்ந்தது. 1348-இல் கொள்ளைநோய் வந்தது, ஊரில் பாதிப்பேருக்கு மேல் செத்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். கட்ட ஆளும் இல்லை, காசும் இல்லை. போதாக்குறைக்கு எழுப்பிய சுவர்களிலும் பலவீனம் தெரிய ஆரம்பித்தது. 1357-இல் திட்டத்தைக் கைவிட்டு, ஆபத்தான பகுதிகளை இடித்தார்கள். மிச்சம்தான் இந்த வளைவுகளும் இந்தச் சுவரும்.

இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்ளே போனபிறகு 'ஏன் இவ்வளவு ஆடம்பரம், ஏன் ஒரு இஞ்ச் கூட சும்மா விடவில்லை' என்று தோன்றும். இந்தச் சுவரின் அளவைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி வராது.

சுவருக்கு மேலே ஏறலாம். வழி அருங்காட்சியகத்துக்குள்ளிருந்து. படிக்கட்டு குறுகலான சுழல், ஒரு நேரத்தில் கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள், கோடையில் காத்திருக்க வேண்டிவரும். உச்சியிலிருந்து ஊரும் காம்போ சதுக்கமும் டஸ்கனிக் குன்றுகளும் தெரியும். தலை சுற்றும் ஆசாமிகள் கீழேயே இருந்துவிடலாம், தப்பில்லை.

அப்புறம் முகப்பு

வெயில் முகப்பில் நேராக விழுவது பிற்பகலில். காலையில் போனால் நிழலில் இருக்கும், புகைப்படம் சுமாராகத்தான் வரும்.

முகப்பை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். மூன்று வாசல்களும் சேர்ந்த கீழ்ப்பகுதி ஜியோவான்னி பிசானோவின் வேலை, 1284-இல் தொடங்கி 1290-களின் நடுப்பகுதிவரை செய்துவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார். பெரிய வட்ட ஜன்னல் இருக்கும் மேல்பகுதி 14-ஆம் நூற்றாண்டில் வேறு ஆட்கள் செய்தது. ஒட்டுப்போட்டது கண்ணுக்குத் தெரியும்: வட்ட ஜன்னலின் இருபக்கமும் ஏறுகிற தூண்களைக் கீழே தொடர்ந்து வாருங்கள், வாசலுக்கு இருபுறமும் உள்ள தூண்களோடு அவை நேர்கோட்டில் சேராது. தள்ளி நிற்கும். ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் அதைப் பார்க்காமல் இருக்கவே முடியாது. உச்சியில் தங்கமாக மின்னும் மூன்று முக்கோண மொசைக்குகளைப் பார்த்து இடைக்காலம் என்று மயங்க வேண்டாம், அவை 1878-இல் வைத்தவை. நடு வெண்கலக் கதவு இன்னும் புதுசு, 1958.

சிலைகள்தான் முக்கியம். இங்கே நிற்பவை நகல்கள், அசல்களை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், அங்கே பக்கத்தில் பார்க்கலாம். ஆனால் முதலில் இங்கே, இந்த உயரத்தில் பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஒவ்வொன்றும் சுவரை ஒட்டி அடக்கமாக நிற்காமல் கழுத்தை நீட்டிக்கொண்டு, உடம்பை முறுக்கிக்கொண்டு, அடுத்த சிலையிடம் ஏதோ சத்தம் போட்டுப் பேசுகிற மாதிரி இருக்கும். மோசேயின் சகோதரி மிரியாமின் கழுத்து முன்னால் வளைந்திருப்பதை அருங்காட்சியகத்தில் நேருக்கு நேராகப் பார்த்தால் கூன் விழுந்தவள் போல இருக்கும், கீழே தெருவில் நின்று பார்க்கும்போதுதான் அவள் நம்மைக் குனிந்து பார்க்கிறாள் என்று புரியும். ஜியோவான்னி பார்வைக் கோணத்தைக் கணக்குப் போட்டே செதுக்கியிருக்கிறார். இன்னொன்று, தீர்க்கதரிசிகளுக்கு நடுவே பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் நிற்கிறார்கள். கிறிஸ்துவுக்கு முன்னால் வாழ்ந்த ஞானிகளும் அவர் வருகைக்கு வழி செய்தவர்களே என்ற எண்ணம். இதை நினைவில் வையுங்கள், உள்ளே தரையில் மறுபடி வரும்.

வெளியே இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, தூணின் மேல் ஓநாய் இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் சிலை. ரோமில் பார்த்ததுதானே என்று நினைப்பீர்கள். ரோமைத் தோற்றுவித்த சகோதரர்களில் ரெமுஸின் பிள்ளைகள் செனியஸ், ஆஸ்கியஸ் இருவரும் ஒரு வெள்ளைக் குதிரையிலும் ஒரு கறுப்புக் குதிரையிலும் தப்பி வந்து சியெனாவை நிறுவினார்கள் என்று ஊர்க்கதை. நகரத்தின் சின்னமே கறுப்பு வெள்ளை. பேராலயத்தின் உள்ளேயும் மணிக்கூண்டிலும் மாறி மாறி ஓடும் கோடுகள் அந்த நிறங்கள்தான் (கறுப்பு என்பது உண்மையில் கரும்பச்சைக் கல்). இரண்டாவது, மணிக்கூண்டின் ஜன்னல்களைக் கீழிருந்து எண்ணிக்கொண்டே போங்கள்: முதல் தளத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, இப்படி உச்சியில் ஆறு. மேலே போகப் போகப் பாரம் குறைய வேண்டும், காற்று போகவும் வழி வேண்டும். அழகும் தானாக வந்துவிட்டது.

உள்ளே போனதும் நில்லுங்கள்

வாசலைத் தாண்டியதும் ஓரமாக ஒதுங்கி ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கோடு போட்ட தூண்கள் கண்ணைக் குழப்பும், அது பழக நேரம் வேண்டும்.

பிறகு மேலே. நடுக்கூடத்து வளைவுகளுக்கு மேல் ஓடும் விளிம்பில் தலைகள் வரிசையாக எட்டிப் பார்க்கும். அத்தனையும் போப்புகள், 170-க்கும் மேல். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் வைத்தவை. கொஞ்ச நேரம் பார்த்தால் ஒரே முகம் திரும்பத் திரும்ப வருவது தெரியும், அச்சில் வார்த்தெடுத்த சுடுமண் தலைகள், இத்தனை போப்புகளின் நிஜ முகம் யாருக்குத் தெரியும்? பெண் போப் ஜோன் என்று இடைக்காலத்தில் ஒரு கட்டுக்கதை உலவியது, அவளுடைய தலைகூட இந்த வரிசையில் ஒரு காலத்தில் இருந்தது, 1600 வாக்கில் அதை வேறொரு போப்பாக மாற்றிவிட்டார்கள்.

குவிமாடத்துக்குக் கீழே வந்து நின்றால், தூண்கள் ஒழுங்கான சதுரத்தில் நிற்காததை உணர்வீர்கள். ஆறு மூலை, அதுவும் சமமில்லாத ஆறு மூலை. 1260-களின் தொடக்கத்தில் குவிமாடம் முடிந்துவிட்டது, புளோரன்ஸின் புகழ்பெற்ற குவிமாடத்துக்கு ஏறக்குறைய 170 வருடம் முந்தியது. இங்கேயே இரண்டு தூண்களில் நீளமான மரக்கம்பங்கள் கட்டியிருக்கும், பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் போய்விடுவார்கள். மோன்டபெர்டி போர்க்களத்துக்குக் கொண்டுபோன ரதத்தின் கொடிக்கம்பங்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். கோயிலுக்குள் ஏழரை நூற்றாண்டாகக் கொடிக்கம்பத்தை வைத்திருக்கிறார்கள் என்றால் அந்தப் பகை எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தரை

இங்கேதான் நேரம் போக வேண்டும். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி 1540-கள் வரை, நாற்பது பேருக்கு மேல் ஓவியர்கள் வரைந்து கொடுக்க, 56 கட்டங்களாகச் செய்த தரை. 19-ஆம் நூற்றாண்டில் சிலவற்றைப் புதுப்பித்தும் மாற்றியும் இருக்கிறார்கள்.

செய்முறை தெரிந்தால் பார்க்கிற விதமே மாறும். ஆரம்பத்தில் வெள்ளைப் பளிங்குப் பலகையில் உளியாலும் துளைப்பானாலும் கோடு கீறி, கீறிய பள்ளத்தில் கறுப்புச் சாந்து நிரப்பினார்கள். காகிதத்தில் மையால் வரைந்த மாதிரி இருக்கும். பிறகு வெவ்வேறு நிறக் கற்களை உருவத்துக்குத் தகுந்தபடி வெட்டிப் பொருத்தினார்கள்: பின்னணிக்குக் கறுப்பு, உருவத்துக்கு வெள்ளை, அலங்காரப் பட்டைக்குச் சிவப்பும் மஞ்சளும். குனிந்து ஒரு முகத்தின் கன்னத்தைப் பாருங்கள், நிழல் விழுந்த இடத்தில் மெல்லிய இணைகோடுகள் நெருக்கமாக ஓடும், ஒவ்வொரு கோடும் கல்லில் கீறி நிரப்பியது. கடைசியாக வந்த தொமேனிக்கோ பெக்காஃபூமி ஒரு படி மேலே போனார். வெள்ளை, சாம்பல், கருஞ்சாம்பல் என்று மூன்று நான்கு சாயல் கற்களை அடுத்தடுத்துப் பதித்து, கோட்டின் துணை குறைவாகவே வைத்து, வெளிச்சமும் நிழலும் வரவழைத்தார். பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய மோசே, ஆபிரகாம் காட்சிகளையும் வாசல் பக்கத்துப் பழைய காட்சிகளையும் ஒப்பிட்டாலே இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள், கண் களைத்துவிடும். என் பட்டியல் இது. வாசலுக்கு நேரே ஹெர்மெஸ் திரிஸ்மெகிஸ்டஸ், எகிப்திய ஞானி என்று அந்தக் காலத்தவர் நம்பியவர், 1488-இல் வைத்தது. கிறிஸ்தவக் கோயிலில் முதலில் வரவேற்பது இவர்! இருபக்கத்துக் கூடங்களிலும் பத்து சிபில்கள், பழங்கால கிரேக்க, ரோமானிய உலகின் குறிசொல்லிப் பெண்கள். முகப்பில் பிளேட்டோவை நிறுத்திய அதே எண்ணம்தான் இருநூறு வருடம் கழித்து இங்கே தரையில் படுத்திருக்கிறது. நடுக்கூடத்தில் சியெனாவின் ஓநாய், சுற்றிலும் மற்ற நகரங்களின் விலங்குகள்: ரோமுக்கு யானை, பைசாவுக்கு முயல், வித்தெர்போவுக்கு ஒற்றைக்கொம்புக் குதிரை. தரையில் சிறு சிறு கற்களால் செய்த உண்மையான மொசைக் இது ஒன்றுதான், இப்போது இருப்பது 19-ஆம் நூற்றாண்டில் மறுபடி செய்தது. நடுவில் யார் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அதற்கு மேலே போனால் ஓவியர் பிந்துரிக்கியோ 1505-இல் வரைந்து கொடுத்த ஞான மலை, எனக்கு மிகவும் பிடித்தது. அதிர்ஷ்ட தேவதை ஒரு காலை உருண்டையிலும் மறு காலைப் பாய்மரம் ஒடிந்த படகிலும் வைத்துக்கொண்டு நிற்கிறாள், கையிலேயே பாயைப் பிடித்திருக்கிறாள். அவள் கொண்டுவந்து இறக்கிவிட்ட ஞானிகள் கல்லும் முள்ளுமான பாதையில் பாம்புகளுக்கு நடுவே மேலே ஏறுகிறார்கள். உச்சியில் ஒரு பெண் அமர்ந்திருக்க, ஒரு பக்கம் சாக்ரடீஸ், மறுபக்கம் இன்னொரு கிரேக்கத் தத்துவஞானியான கிராட்டிஸ். இந்த கிராட்டிஸ் ஒரு கூடை நகையைத் தூக்கிக் கடலில் கொட்டிக்கொண்டிருக்கிறார். கொட்டுகிற அந்தக் கையை மட்டும் பாருங்கள், எவ்வளவு அலட்சியம்.

இடது குறுக்குக் கூடத்தில் மத்தேயோ டி ஜியோவான்னியின் குழந்தைகள் படுகொலை, 1481. குழந்தை இயேசுவைக் கொல்வதற்காக ஊர்க் குழந்தைகளையெல்லாம் வெட்டச் சொன்ன அரசன் ஏரோது அரியணையில் இருக்க, கீழே சிப்பாய்களும் தாய்மார்களும் குழந்தைகளும் ஒருவர் மேல் ஒருவர். அதற்கு முந்தைய வருடம் தெற்கு இத்தாலியின் ஒத்ராந்தோ நகரில் நடந்த படுகொலையின் தாக்கம் என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். சின்னக் குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரசங்க மேடை

குவிமாடத்துக்குப் பக்கத்தில், பீடத்தைப் பார்த்து நின்றால் இடது பக்கம். இதற்கு ஒரு அரை மணி நேரம் கொடுங்கள். நிக்கோலா பிசானோ, முகப்பைச் செய்த ஜியோவான்னியின் அப்பா, 1265-இல் ஒப்பந்தம் போட்டு 1268-இல் முடித்தது. அந்த ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. நிக்கோலாவுக்கு நாள் கூலி எட்டு சோல்டோ, உதவியாளர்கள் அர்னோல்போவுக்கும் லாப்போவுக்கும் ஆறு, மகன் ஜியோவான்னி வந்தால் அவனுக்கு நான்கு. உதவியாளர் என்று இங்கே ஆறு சோல்டோ வாங்கிய அர்னோல்போதான் பின்னாளில் புளோரன்ஸ் பேராலயத்தையே வடிவமைத்தார். நான்கு சோல்டோ பையன்தான் வெளியே நீங்கள் பார்த்த மிரியாமைச் செதுக்கினான்.

கீழிருந்து மேலே பாருங்கள். வெளித் தூண்களில் ஒன்றுவிட்டு ஒன்று சிங்கத்தின் முதுகில் நிற்கும், சில சிங்கங்கள் இரையைக் கவ்வியிருக்கும், பெண் சிங்கங்கள் குட்டிகளோடு இருக்கும். நடுத்தூணின் அடியில் பெண் உருவங்கள், இலக்கணம், கணிதம், இசை முதலான கலைகள். அதற்கும் மேலே ஏழு பலகைகள்: கிறிஸ்துவின் பிறப்பில் தொடங்கி, ஞானிகள் வருகை, குழந்தைகள் படுகொலை, சிலுவை மரணம் எல்லாம் தாண்டி, இறுதித் தீர்ப்பில் முடியும். தீர்ப்புக்கு மட்டும் இரண்டு பலகை, ஒன்றில் மீட்கப்பட்டவர்கள், இன்னொன்றில் நரகத்துக்குப் போகிறவர்கள். ஞானிகள் வருகையில் ஒட்டகங்களைத் தேடுங்கள். சிலுவைக் காட்சியில் கிறிஸ்துவின் நெஞ்செலும்புக் கூட்டையும், மயங்கிச் சரியும் மரியாளைத் தாங்குகிற பெண்களின் கைகளையும் பைனாகுலரில் பாருங்கள். ஐந்து வருடம் முன்னால், 1260-இல், இதே நிக்கோலா பைசாவில் செய்த மேடையில் உருவங்கள் பழைய ரோமானியக் கல்லறைச் சிற்பங்களைப் போல நிதானமாக, இடம் விட்டு நிற்கும். இங்கே கூட்டமே நெரிகிறது, எல்லோரும் எதையோ உணர்கிறார்கள். இத்தாலியச் சிற்பக்கலை எந்த இடத்தில் திரும்பியது என்று என்னிடம் யாராவது கேட்டால் இந்த மேடையைத்தான் காட்டுவேன். ஏறுகிற படிக்கட்டு 16-ஆம் நூற்றாண்டுச் சேர்க்கை, விட்டுவிடுங்கள்.

பெரிய பெயர்கள், சீக்கிரமாக

இடது பக்கக் கூடத்தில் பிக்கலோமினி பீடம். அதில் நான்கு சிறிய சிலைகள் மைக்கேலாஞ்சலோவுடையவை. 1501-இல் பதினைந்து சிலைகளுக்கு ஒப்புக்கொண்டார், புளோரன்ஸில் தாவீது சிலை வேலை கிடைத்ததும் நான்கோடு நிறுத்திக்கொண்டார். உண்மையைச் சொன்னால் நான்கும் சுமார்தான், மனசு இங்கே இல்லை என்று தெரிகிறது. இடது குறுக்குக் கூடத்துச் சிற்றாலயத்தில் டொனாடெல்லோவின் வெண்கல அருளப்பர் (இயேசுவுக்குத் திருமுழுக்கு கொடுத்தவர்), 1457, வற்றிப்போன முகமும் கலைந்த முடியுமாக. அதைத் தவறவிட வேண்டாம். வலது பக்கம் பெர்னினியின் சிற்றாலயம், 17-ஆம் நூற்றாண்டு, பிடித்தவர்கள் நிற்கலாம்.

நூலகம்

மைக்கேலாஞ்சலோ சிலைகளுக்குப் பக்கத்திலேயே வாசல். கார்டினல் பிரான்செஸ்கோ பிக்கலோமினி தன் மாமாவான இரண்டாம் பியூஸ் போப்பின் நினைவாகக் கட்டியது. அந்தப் போப்பின் புத்தகங்கள் இங்கே வந்து சேரவே இல்லை என்பது வேறு விஷயம், இப்போது கண்ணாடிப் பெட்டிகளில் இருப்பவை பேராலயத்தின் பெரிய பாடற்சுவடிகள், அவற்றின் நுண்ணோவியங்களும் அருமை. கார்டினல் தானும் 1503-இல் மூன்றாம் பியூஸ் என்ற பெயரில் போப் ஆனார், 26 நாளில் இறந்துவிட்டார்.

சுவர் முழுக்க இரண்டாம் பியூஸின் வாழ்க்கை, பிந்துரிக்கியோவின் பத்துக் காட்சிகளாக, 1502-க்கும் 1508-க்கும் இடையில். இளைஞன் ரஃபேல் சில காட்சிகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தான். வலது பக்கம், ஜன்னலை ஒட்டிய காட்சியிலிருந்து தொடங்கிக் கடிகாரச் சுற்றில் போங்கள். வெள்ளைக் குதிரையில் கிளம்பும் இளைஞனாகத் தொடங்கி, 1464-இல் சிலுவைப் போருக்குக் கப்பல் ஏற அன்கோனா துறைமுகத்துக்கு வந்த கிழவராக முடிகிறது, அங்கேயே இறந்தார். ஸ்காட்லாந்து அரசவைக் காட்சியில் பின்னணியைப் பாருங்கள், குளிரும் மழையும் ஒன்றும் காணோம், இத்தாலியக் கோடைதான் விரிந்து கிடக்கிறது, பிந்துரிக்கியோ அந்தப் பக்கமே போனதில்லை. தரை ஓடுகளிலெல்லாம் பிறைநிலா, அது குடும்பச் சின்னம்.

அருங்காட்சியகம்

முதலில் பார்த்த கைவிட்ட ஆலயத்தின் பக்கக் கூடத்தையே அடைத்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் ஜியோவான்னியின் அசல் சிலைகள். சியெனா ஓவியர் தூச்சோ வரைந்து கொடுத்த வட்டமான வண்ணக் கண்ணாடி ஜன்னலும் இங்கேதான், 1280-களின் கடைசி, மரியாளின் மரணம், விண்ணேற்பு, முடிசூட்டல். பேராலயத்தில் இருப்பது நகல்.

மாடியில் தூச்சோவின் மாயெஸ்தா. 1308-இல் ஒப்பந்தம், 1311 ஜூன் 9 அன்று ஊரே கடையடைத்து, மணியடித்து, மெழுகுத்திரி ஏந்தி, ஓவியரின் பட்டறையிலிருந்து பேராலயத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுபோனது. முன்புறம் புனிதர்கள் சூழ அரியணையில் மாதா, பின்புறம் கிறிஸ்துவின் பாடுகள் சிறு சிறு கட்டங்களாக. அரியணை அடியில் எழுத்து இருக்கும்: மாதாவே, சியெனாவுக்கு அமைதி கொடு, உன்னை இப்படி வரைந்ததற்காகத் தூச்சோவுக்கு ஆயுள் கொடு என்று. ஊரோடு தன் பெயரையும் சேர்த்துக்கொண்ட தைரியம் பிடித்திருக்கிறது. 1771-இல் பலகையை அறுத்து முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரித்தார்கள், மாதாவின் முகத்திலேயே சேதம். சில துண்டுகள் இன்று லண்டன், வாஷிங்டன், நியூயார்க் என்று சிதறிக் கிடக்கின்றன. மிச்சம் பெரும்பாலும் இந்த அறையில்தான். வெளிச்சம் குறைவாக வைத்திருப்பார்கள், கண் பழகக் கொஞ்சம் உட்காருங்கள்.

கடைசியாகக் கீழே

கட்டடம் சரிவில் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் பீடப்பகுதியை நீட்ட வேண்டியிருந்தபோது பின்னால் தரை இல்லை, பள்ளம்தான், அதனால் கீழே திருமுழுக்கு ஆலயத்தைக் கட்டி அதன் தலைமேல் பேராலயத்தை நீட்டினார்கள். அந்த வேலையில் இடிபாடு போட்டு மூடிய ஒரு அறை 1999-இல்தான் மறுபடி வெளியே வந்தது. 13-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள், வெயிலும் புகையும் படாததால் நீலமும் சிவப்பும் அப்படியே. நிலவறை என்று பெயர்ப்பலகை சொல்லும், கல்லறை எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

திருமுழுக்கு ஆலயத்துத் தொட்டியில் கிபெர்த்தியும் ஜாக்கோப்போ தெல்லா குவெர்ச்சாவும் டொனாடெல்லோவும் போட்டி போட்டு வேலை செய்திருக்கிறார்கள். டொனாடெல்லோவின் ஏரோது விருந்தைத் தேடுங்கள், 1427. தட்டில் அருளப்பரின் தலையை நீட்டுகிறான் ஒருவன், ஏரோது பின்வாங்குகிறான், ஒருவர் முகத்தை மூடிக்கொள்கிறார், பின்னால் வளைவுக்குப் பின் வளைவாக அறைகள் உள்வாங்கிக்கொண்டே போகின்றன, இத்தனையும் சில விரற்கடை ஆழத்தில்.

நேரம் பத்தாமல் போனால் இதுதான் என் யோசனை: சேர்த்து எடுத்த டிக்கெட் வழக்கமாக மூன்று நாள் செல்லும், எடுக்கும்போது கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அன்றிரவு ஊரிலேயே தங்க முடிந்தால் முதல் நாள் பிற்பகல் முகப்பும் உட்புறமும், மறுநாள் காலை திறந்த உடனே அருங்காட்சியகமும் சுவரும். தங்க முடியாது, மாலையே பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்றால் நிலவறையை விட்டுவிடுங்கள், சுவர் மேல் ஏறுவதையும் விடுங்கள். தரை, பிரசங்க மேடை, தூச்சோ, இந்த மூன்றிலிருந்து மட்டும் ஒரு நிமிடம்கூடக் குறைக்காதீர்கள்.